டிஸ்சார்ஜுக்குப் பிறகு முதல் வாரம்: ஓபியா, போனா, வீட்டுக்கே போவதா?

சாயங்காலம் 6 மணிக்குத்தான் இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்தது. 7 மணிக்கு ஊருக்குக் கடைசி பஸ். 64 வயது விவசாயி, இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாக பம்ப் பண்ண முடியாத நிலை; பம்பிங் 30 சதவீதம்தான். கால் வீங்கி, மூச்சுவாங்கி வந்தவர் ஆறு நாள் வார்டில் இருந்து, உடம்பில் தேங்கிய நீரெல்லாம் இறங்கி, ஐந்து கிலோ குறைந்து வீட்டுக்குக் கிளம்பினார். லிஃப்ட் வாசலில் நின்றபடியே ஒன்பது மாத்திரைகளையும் ஐந்து நிமிடத்தில் விளக்கினேன். அவர் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர்."

பதினோராம் நாள் ராத்திரி அவரைத் திரும்பவும் எமர்ஜென்சிக்குத் தூக்கி வந்தார்கள். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. நீர் மாத்திரையை நாலாம் நாளே நிறுத்தியிருந்தார். போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டியிருக்கிறது, வயலில் நிற்க முடியவில்லை என்றார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை வேறு ரெண்டு வேளை. வலி மாத்திரைகளில் பல உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். இதயம் பலவீனமானவருக்கு அது விஷத்துக்குச் சமம். இரண்டையும் நாலாம் நாளே யாராவது கேட்டிருந்தால் அவர் அந்த ராத்திரி எங்களிடம் வந்திருக்க வேண்டியதில்லை.

இதய வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். "டிஸ்சார்ஜ் ஆனவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே ரெண்டு நர்ஸைத் தனியாக ஒதுக்குகிறோம், என்ன செய்யலாம் சொல்லுங்கள்" என்று நிர்வாகம் கேட்டபோது, உலகத்தில் என்னென்ன முறைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள், எது எங்களுக்குச் சரிப்படும் என்று உட்கார்ந்து ஒப்பிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் நர்ஸுகளுக்கும், அப்பாவையோ அம்மாவையோ இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கும் குடும்பங்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயச் செயலிழப்பு நமக்கு வயசான காலத்து நோய் மட்டும் அல்ல. திருவனந்தபுரத்தில் 2013-ல் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61 தான். வீட்டில் சம்பாதிக்கிறவராக இருக்கக்கூடிய வயது. ஐந்து வருடத்துக்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்படியிருக்க, லிஃப்ட் வாசலில் ஐந்து நிமிடம் எப்படிப் போதும்?

ஓபி ரிவ்யூ மட்டும்

இப்போது பெரும்பாலான இடங்களில் இருப்பது இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் ஒரு தேதி. இரண்டு வாரம், சில இடங்களில் ஒரு மாதம் கழித்து.

இந்த முறையின் கோளாறு தேதியிலேயே இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இருந்த முதியவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். இதயச் செயலிழப்போடு வீட்டுக்குப் போனவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் 30 நாளுக்குள் திரும்பி வந்திருந்தார்கள். சத்திரசிகிச்சை அல்லாத சிகிச்சைக்கு வந்துபோய் 30 நாளுக்குள் திரும்பிச் சேர்ந்தவர்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால், பாதிப் பேர் நடுவில் எந்த டாக்டரையும் பார்த்ததற்கான பில்லே இல்லை. ரிவ்யூ தேதி வருவதற்குள் நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க இதய அமைப்புகளின் 2013 வழிகாட்டுதல் மூன்று நாளுக்குள் ஒரு போன், 7 முதல் 14 நாளுக்குள் ஒரு நேரடிச் சந்திப்பு என்று சொன்னது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ரிவ்யூவுக்கு வரவேண்டுமென்றால் கூட ஒருவர் லீவு போட்டு வரவேண்டும். அன்றைக்குக் கூலி போச்சு. "இப்ப நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

போன்

செலவு குறைவு, நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நர்ஸ் ஒரு நாளில் இருபது பேரிடம் பேசிவிடலாம். நிர்வாகத்துக்கும் இதுதான் பிடித்திருந்தது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது.

இதில் ஆராய்ச்சி முடிவுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அர்ஜென்டினாவில் 51 மையங்களில் 1,518 பேரை வைத்து நடந்த டயல் ஆய்வு 2005-ல் வெளியானது. நர்ஸுகள் போனில் பேசிப் பேசியே இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை நன்றாகக் குறைத்தார்கள். கலிஃபோர்னியாவில் ஆறு மருத்துவமனைகளில் 1,437 பேரை வைத்து நடந்த பீட்-ஹெச்எஃப் ஆய்வு 2016-ல் வந்தது. அங்கே நர்ஸ் போனும் இருந்தது, எடையையும் ரத்த அழுத்தத்தையும் தானே அனுப்பும் கருவியும் இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் திரும்பச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை.

ஏன் இப்படி என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகள் அல்ல, அது ஒரு காரணம். அர்ஜென்டினாவில் இருந்தவர்கள் நிலைமை சீரான பிறகு வீட்டிலிருந்து சிகிச்சை எடுத்தவர்கள். கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள் அப்போதுதான் வார்டிலிருந்து போனவர்கள். என் மனசில் நிற்பது வேறொரு வித்தியாசம். அர்ஜென்டினா நர்ஸ், நோயாளியின் எடை கூடியிருந்தால் நீர் மாத்திரையின் அளவை அப்போதே மாற்றிச் சொல்லலாம். கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் "உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத்தான் முடிந்தது. போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்துக்கு அன்றைக்கே ஏதாவது செய்ய முடியாவிட்டால், அந்த போன் வெறும் நலம் விசாரிப்புதான்.

நம் இடத்தில் நர்ஸ் தானாக மருந்தின் அளவை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்: இந்த நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் என்ன செய்வது, எந்த நம்பரில் என்னைக் கூப்பிடுவது, எப்போது நேராக எமர்ஜென்சிக்கு வரச்சொல்வது. அந்த ஒரு தாள் இல்லாமல் போன் திட்டத்தை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன்.

போனில் எங்களுக்குக் கிடைத்த அனுபவத்தையும் சொல்லவேண்டும். ஃபைலில் இருக்கும் நம்பர் பெரும்பாலும் நோயாளியுடையது அல்ல, திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனுடையது. மகன் எடுத்து, "நேத்து ராத்திரி பேசினேன் சிஸ்டர், நல்லா இருக்காரு" என்பார். சரி, நோயாளியே கிடைத்தாலும், "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்பார். "உப்பு குறைச்சாச்சா?" "குறைச்சாச்சு." முகம் தெரியாத ஒரு குரலிடம் யாரும் உண்மையை விரித்துச் சொல்வதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் மாங்காய் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் யாரும் உப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கருவியும் தானியங்கி போனும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் 1,653 பேரை வைத்து நடந்த டெலி-ஹெச்எஃப் ஆய்வு 2010-ல் வெளியானது. பதிவுசெய்த குரல் தினமும் கேள்வி கேட்கும், நோயாளி பட்டனை அழுத்திப் பதில் சொல்லவேண்டும். பலன் எதுவும் இல்லை. அந்தக் குழுவில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தவில்லை. ஜெர்மனியில் 2018-ல் வெளியான டிம்-ஹெச்எஃப்2 ஆய்வில் கருவி வேலை செய்தது, இறப்பும் குறைந்தது. ஆனால் அங்கே கருவிக்குப் பின்னால் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார ஆள் இருந்தால் கருவி வாங்கலாம்.

நர்ஸ் நடத்தும் கிளினிக்

வாரத்தில் இரண்டு நாள், டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு மட்டும் ஒரு தனி அறை. நர்ஸ் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து, மாத்திரைப் பையைக் கொட்டி எண்ணிப் பார்ப்பார். டாக்டர் பக்கத்து அறையிலேயே இருப்பார்.

இதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. 2022-ல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில் 1,078 பேர். வீட்டுக்குப் போன 1, 2, 3, 6-ம் வாரங்களில் வரவழைத்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, மருந்தின் அளவை வேகமாக உயர்த்தினார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் திரும்பச் சேர்ந்தவர்களும் சேர்ந்து 15.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களிடம் அது 23.3 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அங்கே பார்த்தது டாக்டர்கள்தான். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு அடிக்கடி ஒரு நோயாளியை வரவழைக்க யாராவது பட்டியல் வைத்துத் துரத்தவேண்டும். அது நர்ஸின் வேலை.

இதில் ஒரே ஒரு குறை, வருகிறவருக்குத்தான் கிளினிக். பஸ் ஏற முடியாதவருக்கும், கூட்டிவர ஆள் இல்லாதவருக்கும் அது இல்லை. திரும்பத் திரும்ப எமர்ஜென்சிக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

வீட்டுக்கே போவது

இந்த வேலைக்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேரி நெய்லர். அவரே ஒரு நர்ஸ். 2004-ல் வெளியான அவருடைய ஆய்வில் பிலடெல்பியாவின் ஆறு மருத்துவமனைகளில் இருந்து 65 வயதைத் தாண்டிய 239 இதயச் செயலிழப்பு நோயாளிகள் இருந்தார்கள். மேல்படிப்பு படித்த நர்ஸ் ஒருவர் வார்டிலேயே நோயாளியைத் தினமும் பார்ப்பார். வீட்டுக்குப் போன 24 மணி நேரத்துக்குள் அதே நர்ஸ் வீட்டு வாசலில் நிற்பார். அப்புறம் மூன்று மாதம், குறைந்தது எட்டுத் தடவை நேரில், நடுவில் போன். ஒரு வருடத்தில் மருத்துவமனையில் திரும்பச் சேர்ந்தது இந்தப் பக்கம் 104 தடவை, வழக்கமான பக்கம் 162. ஒரு நோயாளிக்கு ஆன மொத்தச் செலவு, நர்ஸின் சம்பளத்தையும் சேர்த்து, சராசரியாக 7,636 டாலர். மற்றவர்களுக்கு 12,481.

இதற்கு முன்பே, 1995-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் மைக்கேல் ரிச் என்ற டாக்டர் நர்ஸை மையமாக வைத்து 70 வயதைத் தாண்டிய 282 பேரிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 90 நாளில் திரும்பச் சேர்ந்தது வழக்கமான பக்கம் 94 தடவை, இந்தப் பக்கம் 53. ஆஸ்திரேலியாவில் 2012-ல் வீட்டையும் கிளினிக்கையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். முக்கியக் கணக்கில் இரண்டும் சமம். ஆனால் வீட்டுக்குப் போன குழுவினர் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் குறைவு, செலவும் குறைவு.

எண்கள் இப்படியிருக்க, எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பிஸ்கட் டப்பா.

டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாம் நாள் ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 70 வயது, தனியாக இருக்கிறார், மகள் ரெண்டு தெரு தள்ளி. "மாத்திரையெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்றதும் அலமாரியிலிருந்து ஒரு தகர பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பாயில் கொட்டினேன். நாங்கள் கொடுத்த புது அட்டைகள், போன வருடம் வேறொரு டாக்டர் எழுதிய பழைய அட்டைகள், எல்லாம் கலந்து கிடந்தன. நாங்கள் கொடுத்த நீர் மாத்திரையில் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தும் சேர்ந்தே இருந்தது. பழைய அட்டையில் அதே ஸ்பைரோனோலாக்டோன் தனியாக, வேறு பெயரில். ரெண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். "அந்த டாக்டர் நிறுத்தச் சொல்லலையே கண்ணு." அடுப்படி ஓரத்தில் நாலு இளநீர். வெயில் காலம், உடம்பு சூடு என்று மகள் தினமும் வாங்கிக் கொடுக்கிறாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோனும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டேன். அன்றைக்கே ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. இதயம் அப்படியே நின்றுபோகக்கூடிய அளவு அது.

முதல் நாள் இதே அம்மாவிடம் போனில் பேசியிருந்தேன். "எல்லா மாத்திரையும் தவறாம போடுறேன்" என்றார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

நேரில் போனால் தெரிவது இதுதான். எடை மெஷின் இருக்கிறதா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், சமைப்பது யார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யார். உப்பு குறைவு என்று போட்டிருக்கிறதே என்று கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு பொட்டாசியம் உப்பா என்பதுகூட அடுப்படியில் நின்றால்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால், அந்த வீட்டுச் சொம்பால் அது எத்தனை சொம்பு, கஞ்சியும் மோரும் காபியும் அதில் சேர்த்தி என்பதை அந்தச் சொம்பையே கையில் வைத்துக் காட்டலாம்.

ஆனால் கிராமப்புறத்தில் ஒரு நர்ஸ் ஒரு நாளில் நாலு வீட்டுக்குமேல் போக முடியாது. வண்டி வேண்டும், தனியாகப் போகிற பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும், மழைக்காலம் இருக்கிறது. எல்லா நோயாளிக்கும் எட்டுத் தடவை என்பது நம்மால் ஆகாத காரியம்.

ஊரிலேயே இருப்பவர்கள்

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023-ல் வந்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியை இவ்வளவு யோசித்திருக்கிறோம். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியையும் இதே அக்கறையோடு யோசிக்கவேண்டும் என்பது என் ஆசை.

இதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. 2016-ல் வெளியான ஸ்ப்ரெட் ஆய்வில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற சுமார் 800 பேர் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் அவர்களை வார்டிலும் பிறகு வீட்டிலும் சந்தித்துப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்தும் மாத்திரையைத் தவறாமல் போட்டவர்கள் அந்தக் குழுவில் 97 சதவீதம், மற்ற குழுவில் 92. ஸ்டென்ட் வைத்து நன்றாக நடமாடுகிற நோயாளிக்கு இது போதும். பம்பிங் குறைந்து, சிறுநீரகமும் தள்ளாடுகிறவருக்கு இது மட்டும் போதாது. அங்கே நர்ஸ்தான் வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

ஒரே முறையை எல்லோருக்கும் வைக்கவேண்டாம் என்று முடிவெடுத்தோம். எல்லா நோயாளிகளையும் அந்த ரெண்டு நர்ஸில் ஒருவர் வார்டிலேயே பார்ப்பார், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அல்ல, அதற்கு முதல் நாளே, வீட்டில் சமைக்கிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்து. மூன்றாம் நாளுக்குள் அதே நர்ஸ் போன் பண்ணுவார். முகம் தெரிந்தவர் பேசும்போது வருகிற பதில் வேறு மாதிரி இருக்கிறது. ஏழாம் நாள் கிளினிக். வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் அல்ல: ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே ஒரு தடவை திரும்பி வந்தவர், தனியாக இருப்பவர், எட்டு மாத்திரைக்குமேல் போடுபவர், சிறுநீரகம் பலவீனமானவர். அவர்களுக்கு மூன்று நாளுக்குள் ஒரு தடவை நேரில். தேவைப்பட்டால் இரண்டாவது தடவை.

காசு இன்னும் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், போனை விட்டுவிட்டு இந்த வீட்டு வருகையை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். என்கூட வேலை பார்ப்பவர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு வீட்டுக்குப் போகிற நேரத்தில் இருபது பேரிடம் பேசலாமே என்பார்கள். அந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை.

இப்படி எந்த ஏற்பாடும் இல்லாத மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் எல்லா ஊரிலும் வந்துவிட்டன. "ஹோம் நர்ஸ்" என்று அனுப்புகிறவர் பல நேரம் நர்ஸிங் படித்தவராக இருப்பதில்லை. குளிப்பாட்ட, நடக்கவைக்க அவர் உதவுவார், அது பெரிய உதவிதான். மாத்திரையைச் சரிபார்க்க அவரால் ஆகாது. தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்கவேண்டாம். ஒரு மாதத்துக்கு ஆள் வைக்கப் பணம் இல்லையென்றால், பதிவுபெற்ற ஒரு நர்ஸை முதல் வாரத்தில் ரெண்டு தடவை வரவழைத்தாலே பெரிய காரியம். ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், தினமும் ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் போனெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேராகப் போய்விடுங்கள்.

அந்த விவசாயி இரண்டாவது தடவை வீட்டுக்குப் போனபோது மூன்றாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். காலை 6 மணிக்கு வயலுக்குக் கிளம்பி 10 மணிக்குத் திரும்பி வருகிறார். நீர் மாத்திரையைக் காலை 8 மணிக்கு என்று நாங்கள் எழுதியிருந்தோம். வாசலில் நின்றே டாக்டரிடம் பேசி, வயலிலிருந்து வந்தபிறகு போடலாம் என்று மாற்றினோம். வலி மாத்திரை அட்டையை நான் கையோடு எடுத்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தபோது அவர் மனைவி பையிலிருந்து தினசரி காலண்டரின் கிழித்த தாள்களை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் ஒரு எண்: 58.2, 58.0, 58.3, 58.1.